ஸ்டார்ஃபீல்ட்: ஆயிரம் கிரகம் இருக்கு, வழிதான் இல்லை

2023 செப்டம்பர் 6-ஆம் தேதி ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி வீடியோ கேம் வெளிவந்ததிலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வேறு எதைப் பற்றியும் கேள்வி வருவதாகத் தெரியவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். நான் விளையாடுவது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில், ஹாலில் இருக்கும் டிவியில், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல். மூன்று வாரத்தில் அறுபது மணி நேரம் தாண்டிவிட்டது. தூக்கம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மாமியார் அதில் பாதியையாவது பார்த்திருப்பார். பதில்களுக்கு நடுவே அவர் குரலும் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டேன். சுரங்கம், கல் உடைப்பு, ஒரு சண்டை, அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு. எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் கொட்டாவி வருகிறதா?
(கல்லூரி மாணவர், கோவை)

எனக்கும் வந்தது. ஆண்டு 2330. வெக்டெரா என்ற துணைக்கோளில் சுரங்கத் தொழிலாளியாகத் தொடங்குகிறோம். லிஃப்டில் இறங்கி, கட்டரால் பாறையை அறுத்து, உள்ளே புதைந்திருக்கும் விசித்திர உலோகத் துண்டைத் தொட்டதும் கண்ணெல்லாம் ஒளி, மயக்கம். தெளிந்து எழுந்தால் பாரெட் என்றொருவர் விண்கப்பலில் வந்து இறங்குகிறார். பின்னாலேயே கொள்ளையர். சுட்டு விரட்டுகிறோம். உடனே அந்த மனிதர், நேற்று வேலைக்குச் சேர்ந்த நம்மிடம் தன் கப்பல், ரோபோ, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறார். "முன்னப்பின்ன தெரியாதவகிட்ட வண்டிச் சாவியைக் குடுக்கறானே, இவன் வீட்டுல கேக்க ஆள் இல்லையா?" என்றார் மாமியார். என்னிடம் பதில் இல்லை.

இதே பெதஸ்டா நிறுவனம் 2011-இல் செய்த ஸ்கைரிமில் குகையை விட்டு வெளியே வந்ததும் தூரத்தில் மலை தெரியும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். இங்கே முதல் சில மணி நேரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். க்ரீட் என்ற துணைக்கோள், அங்கிருந்து நியூ அட்லாண்டிஸ் நகரம், அங்கே கான்ஸ்டலேஷன் என்ற விண்வெளி ஆய்வுக் குழுவினரின் லாட்ஜ், ஒவ்வொருவராக அறிமுகம். லாட்ஜ் வரைக்கும் போய், குழுத் தலைவி சாரா மார்கனோடு பேசி முடித்துவிட்டு, முக்கியக் கதையை அப்படியே போட்டுவிடுங்கள். யுனைடெட் காலனீஸ் அரசின் வேன்கார்ட் படையில் சேருங்கள். எனக்கு விளையாட்டு பிடித்துப்போனது அங்கேதான். 'பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பொறு, அப்புறம் பார்' என்று சொல்கிறார்களே, அதைக் கேட்டால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும். பன்னிரண்டு மணி நேரம் எனக்கு நாலு இரவுத் தூக்கம்.

ஆயிரம் கிரகங்கள் என்கிறார்களே, நிஜமாகவே ஆயிரமா? இல்லை விளம்பரத்துக்குச் சொல்வதா?
(வாசகி, திருச்சி)

எண்ணிக்கை நிஜம். நூற்றுக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களில் ஆயிரத்துக்கு மேல் கிரகங்களும் துணைக்கோள்களும். அவ்வளவையும் மனிதர்கள் உட்கார்ந்து கையால் செய்யவில்லை, செய்யவும் முடியாது. நாம் வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு இறங்கும்போது, அந்த இடத்தைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தைக் கணினி விரிக்கிறது. முன்பே செய்து வைத்த கட்டடங்களை அதன்மேல் அங்கங்கே தூவுகிறது. ஒரே திசையில் நடந்துகொண்டே இருந்தால் எல்லை வந்துவிட்டது என்று செய்தி வரும்.

பத்தில் ஒரு கிரகத்தில்தான் உயிர்கள் இருக்கும் என்று இயக்குநர் டாட் ஹவர்ட் முன்பே சொல்லியிருந்தார். மீதியெல்லாம் பாறை, பனி, புழுதி. அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நிலாவில் இறங்கி, இனன் ஸூரின் இசை மட்டும் கேட்க, ஒன்றுமே செய்யாமல் கால் மணி நேரம் நடந்திருக்கிறேன். மாமியார்கூட அன்று வாயைத் திறக்கவில்லை.

என் மனத்தாங்கல் அந்தக் கட்டடங்களைப் பற்றி. கைவிடப்பட்ட உறைபனி ஆய்வகம் என்று ஒன்று. முதல் தடவை நுழைந்தபோது தரையெல்லாம் பனி, வெடித்த குழாய்கள், செத்துக் கிடக்கும் ஊழியர்கள். கணினிகளில் இருந்த குறிப்புகளை வரி விடாமல் படித்தேன், என்ன நடந்திருக்கும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டேன். சில நாள் கழித்து, எங்கேயோ தள்ளி இன்னொரு மண்டலத்தில் இறங்கி, முக்கால் கிலோமீட்டர் நடந்து ஒரு கதவைத் திறந்தால், அதே பனி. அதே குழாய். அதே மேஜையில் அதே குறிப்பு. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு வீடு மாதிரி, எந்த ஊரில் நுழைந்தாலும் வலது பக்கம் குளியலறை. மூன்றாவது தடவை எதையும் படிக்கவில்லை, பெட்டி எங்கே இருக்கும் என்று தெரியும், நேராக ஓடினேன். செத்துப்போனவர்கள் பாவம்.

தரையிலிருந்து கிளம்பி அப்படியே விண்வெளிக்குப் பறக்க முடியாதாமே? 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டில் முடிகிறதே, இது ஏமாற்று வேலை என்கிறான் தம்பி. நான் இன்னும் வாங்கவில்லை.
(மென்பொருள் ஊழியர், சென்னை)

தம்பி சொல்லும் விஷயம் சரி. ஏமாற்று என்பது கொஞ்சம் அதிகம். நடப்பது இதுதான்: கப்பலில் ஏறுகிறோம், இருக்கையில் உட்கார்கிறோம், பட்டனை அமுக்கினால் கப்பல் எழும்புவதை ஒரு காட்சியாகக் காட்டுகிறார்கள். விண்வெளி. வரைபடத்தைத் திறந்து மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, கிரகத்தைத் தேர்ந்தெடுத்து, தாவு என்றால் திரை இருள்கிறது. இறங்குமிடத்தைத் தொட்டால் மறுபடி இருள்கிறது. கதவைத் திறந்தால் மறுபடி. கடைக்குள் நுழைந்தால் அங்கேயும் சில இடங்களில் லோடிங்.

விளையாடுவதை நேரலையில் காட்டும் ஒரு பெண் ஸ்ட்ரீமர் புளூட்டோவை நோக்கிச் சும்மா நேராக ஓட்டிப் பார்த்தார். சுமார் ஏழு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், புளூட்டோ வெறும் படம், கப்பல் அதற்குள் புகுந்து போய்விட்டது. விண்வெளி என்பது இந்த விளையாட்டில் தனித்தனி அறைகள். ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவே நடைபாதை கிடையாது.

சில நொடிகள் காத்திருப்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எனக்கு வலிப்பது வேறு. ஸ்கைரிமில் யாரோ ஒருவருக்குக் கடிதம் கொடுக்க ஒயிட்ரன் நகரத்திலிருந்து கிளம்புவேன். வழியில் ஒரு பூதம் மாமூத்துகளை மேய்த்துக்கொண்டிருக்கும். ஒதுங்கிப் போனால் ஒரு குகை, குகைக்குள் ஒரு டைரி, டைரியில் வேறோர் ஊர் பெயர். கடிதத்தை மறந்தே போயிருப்பேன், பத்து நாள் கழித்துப் பையில் பார்த்து நினைவு வரும். அந்த நிறுவனம் நம்மைக் கெடுத்து வைத்ததே இப்படி வழி தவறவைத்துத்தான். ஸ்டார்ஃபீல்டில் வழி தவற வழியே இல்லை, போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். எரிபொருள் தீர்ந்து நடுவானில் நிற்போமோ என்ற பயம்கூடக் கிடையாது. கப்பலின் டாங்க் எவ்வளவு தூரம் தாவலாம் என்பதை மட்டும் முடிவு செய்யும், அப்புறம் தானே நிரம்பிக்கொள்ளும்.

ஆனால் 'நோ மேன்ஸ் ஸ்கை'யோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். அங்கே பறக்கலாம், இறங்கிய இடத்தில் உட்கார்ந்து பேச ஆள் குறைவு. இங்கே இரண்டரை லட்சத்துக்கு மேல் வசன வரிகள் எழுதிப் பேசவைத்திருக்கிறார்கள். நியான் நகரத்தின் சந்துகளில், அகிலா நகரத்தின் சேற்றுத் தெருவில் நின்று சும்மா ஒட்டுக்கேட்டாலே ஒரு வேலை வந்து சேரும். அப்புறம் கப்பல் கட்டுவது. அதில் இறங்கினால் தம்பிக்கு ஏழு மணி நேரம் போதாது. எதிரியின் எஞ்சினை மட்டும் குறிவைத்துச் செயலிழக்கச் செய்து, கப்பலை ஒட்டி நிறுத்தி, உள்ளே ஏறிச் சண்டை போட்டு அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நான் இப்படி நாலு கப்பல் சேர்த்துவிட்டேன். விற்கப் போனால் முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள், லாபம் பெரும்பாலும் அதிலேயே போய்விடுகிறது. வாகனப் பதிவு எந்த நூற்றாண்டிலும் விடாது போலிருக்கிறது.

எப்போது பார்த்தாலும் 'சுமை அதிகம்' என்றே காட்டுகிறது. ஓட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. என்ன செய்ய?
(ஆசிரியை, திருநெல்வேலி)

டீச்சர், முதலில் உண்மையைச் சொல்லுங்கள், பையில் எத்தனை காபிக் கோப்பை இருக்கிறது?

என்னிடம் முதல் வாரம் டேப் சுருள், பேனா செருகும் குவளை, பொம்மை, நோட்டு என்று எல்லாமே இருந்தன. இந்த நிறுவனத்தின் பழைய விளையாட்டான ஃபால்அவுட் 4-இல் குப்பையைப் பிரித்தால் திருகாணியும் செம்பும் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் அள்ளிவிட்டேன். இங்கே அப்படிப் பிரிக்க முடியாது, மேஜைமேல் இருக்கும் கோப்பை வெறும் கோப்பைதான். சுமை கூடினால் ஆக்சிஜன் வேகமாகத் தீர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஏறும், அதற்கு மேலும் ஓடினால் உடம்பு பாதிக்கும். "கட்டிக்கிட்டா போகப் போறோம்? கீழ போடு எல்லாத்தையும்" என்றார் மாமியார். அவருடைய பீரோவில் என்னவெல்லாம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், பேசாமல் இருந்துவிட்டேன்.

வழிகள்: எடை தூக்கும் திறனுக்கு முதலில் புள்ளி போடுங்கள். இன்னும் தொடங்காதவர்கள், ஆரம்பத்தில் கேட்கும் பின்னணியில் நெடுந்தூரச் சரக்கு ஓட்டுநரைத் தேர்ந்தால் அந்தத் திறன் கையோடு வரும், நான் அப்படித்தான். லாட்ஜில் உங்களுக்கென்று கொடுத்திருக்கும் அறையில் ஒரு பெட்டகம் இருக்கிறது, அதற்குக் கொள்ளளவே கிடையாது. துப்பாக்கி, கவசம் எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிடுங்கள். பேச்சுக்கு இருக்கட்டும் என்று கூட வரும் சாராவின் தலையிலும் கொஞ்சம் ஏற்றலாம், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்.

விற்பதில்தான் தொல்லை. கிரெடிட் என்பதுதான் இங்கே பணம், சாதாரணக் கடைக்காரரிடம் 5,000 கிரெடிட் இருக்கும், டிரேட் அத்தாரிட்டி கடைகளில் 11,000. மூன்று நல்ல துப்பாக்கி விற்றால் கல்லாப்பெட்டி காலி. 48 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி நிரம்பும். இதற்கு விளையாடுபவர்கள் கண்டுபிடித்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: வெள்ளிக் கிரகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நிஜமான வெள்ளி மிக மெதுவாகச் சுழல்கிறது, அங்கே ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வர நம் கணக்கில் சுமார் 117 நாள். விளையாட்டும் அதை மதித்து, வெள்ளியில் ஒரு மணி நேரத்தைப் பொதுக் கணக்கில் 100 மணி நேரமாக வைத்திருக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் எல்லாக் கடைகளிலும் பணம் வந்திருக்கும்.

அகிலா நகரத்தில் ஒரு தேங்கிய தண்ணீர்க் குட்டையைச் சரியான கோணத்தில் பார்த்தால் கடைக்காரரின் மொத்தச் சரக்கையும் இலவசமாக எடுக்கலாம் என்று ஒரு ஓட்டையும் கண்டுபிடித்திருந்தார்கள். நானும் குட்டைக்கு முன்னால் கால் மணி நேரம் குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை, தெருவில் போகிறவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்ததுதான் மிச்சம்.

என் கணினியில் ஓடுமா? பிளேஸ்டேஷனில் எப்போது வரும்?
(பல வாசகர்கள்)

குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1070 டிஐ தரத்தில் கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 125 ஜிபி இடம். அந்த இடம் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, பேசுபவரின் வாய் அசைந்து முடிந்தபின் குரல் வருகிறது என்று எனக்கு எழுதாதீர்கள். வெளிவந்தபோது எக்ஸ்பாக்ஸில் இரண்டு மாடலிலும் நொடிக்கு 30 ஃபிரேம்தான். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு 2023 வெளியீட்டில் இடமில்லை. பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது 2021-இல் முடிந்தது, அதன் பலன் இது.

பாத்திரத்தை உருவாக்கும்போது மூன்று குணங்கள் எடுக்கலாம் என்று வருகிறது. எதை எடுப்பது?
(வாசகர், ஷார்ஜா)

'கிட் ஸ்டஃப்' எடுங்கள். அப்பா அம்மா உயிரோடு இருப்பார்கள், நியூ அட்லாண்டிஸில் வீடு. பதிலுக்கு வாரா வாரம் நம் பணத்தில் இரண்டு சதவீதம் தானாகவே அவர்களுக்குப் போய்விடும். வெளிநாட்டு விமர்சகர்கள் சிலர் இதைச் சுமை என்று எழுதுகிறார்கள். ஷார்ஜாவிலிருந்து எழுதும் உங்களுக்கு இரண்டே இரண்டு சதவீதம் என்பது சலுகையாகத்தான் தெரியும்.

நாம் அமைத்த முகத்துக்கு ஏற்றபடியே அவர்கள் முகமும் அமைந்திருக்கும். நான் கொஞ்சம் கறுப்பாக, பெரிய மூக்கோடு ஒரு பெண்ணைச் செய்திருந்தேன். கதவைத் திறந்தால் அந்த நிறமும் ஜாடையுமாக ஒரு அம்மா. போகும்போதெல்லாம் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள், பிற்பாடு ஒரு கப்பலே தருவார்கள். மாமியாருக்கு இந்த விளையாட்டில் பிடித்த இடம் இந்த வீடு ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது என்னை அங்கே போகச் சொல்லி வற்புறுத்துகிறார்.

'ட்ரீம் ஹோம்' பக்கம் போகாதீர்கள். அழகான வீடு, கூடவே 125,000 கிரெடிட் கடன். அதற்கு இந்த விளையாட்டு எதற்கு?

பக்கக் கதைகளில் தவறவிடவே கூடாதது ஒன்று சொல்லுங்கள்.
(வங்கி ஊழியர், புதுச்சேரி)

இரண்டு சொல்கிறேன், முதலாவது சட்டென்று. ஸ்பேசர் கொள்ளையரைக் கொன்றால் சில சமயம் அவர்கள் பையில் ஒரு ரகசியக் குறிப்பு கிடைக்கும், டெனபோலா என்ற விண்மீன் மண்டலத்துக்குப் போகச் சொல்லும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொள்ளையரை வேட்டையாடிய ஒரு தாய் தன் மகனுக்காக விட்டுப்போன பதிவுகள் அங்கே இருக்கின்றன. எழுத்துகள் பதித்த ஒரு தரை வரும், பதிவுகளைக் கவனமாகப் படித்தவர்களுக்கு எதில் கால் வைப்பது என்று தெரியும். நான் அவசரப்பட்டுச் செத்தேன். கடைசியில் கிடைக்கும் கப்பலைப் பார்த்து ஸ்பேசர்களே பயந்து ஓடுவார்கள்.

இன்னொன்று போரிமா மண்டலத்தில். பாரடைஸோ என்று ஒரு சொகுசு விடுதிக் கிரகம், அதற்கு மேலே யாரோடும் பேசாமல் ஒரு பழைய கப்பல் நிற்கிறது. உள்ளே போனால் பூமியிலிருந்து சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய குடும்பங்களின் வாரிசுகள். தாவிப் போகும் எஞ்சின் கண்டுபிடிப்பதற்கு முன்னால் புறப்பட்டவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கப்பலிலேயே பிறந்து, கப்பலிலேயே செத்து, இந்தக் கிரகம்தான் நமக்கு என்று வந்து சேர்ந்தால், பின்னால் கிளம்பியவர்கள் முன்னால் வந்து நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கப்பலின் தலைவி நம்மைப் பார்த்து நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

அப்புறம் விடுதியின் நிர்வாகக் குழுவிடம் போகிறோம். அந்த அறையில் நடப்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த மக்கள் விடுதியில் கடனுக்கு உழைத்துக் கிடக்கலாம். அல்லது நாம் கைக்காசு போட்டு அவர்களுக்குத் தாவும் எஞ்சின் வாங்கிக் கொடுத்து வேறெங்காவது அனுப்பலாம். இல்லை என்றால், சொல்லவே கூசுகிறது, கப்பலையே வெடித்துவிடலாம். இவ்வளவு பெரிய கிரகத்தில் ஒரு மூலையைக் கொடுத்தால் என்ன என்று குழுவின் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு வசனம் இல்லை. இரண்டரை லட்சம் வரியில் அந்த ஒன்றை எழுத மறந்துவிட்டார்கள். எஞ்சின் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு கப்பலை விற்க வேண்டியதாயிற்று.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
(இல்லத்தரசி, சேலம்)

அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 என்று தரம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சண்டையும் ரத்தமும் உண்டு, நியான் நகரமே ஆரோரா என்ற போதைப்பொருளை வைத்துத்தான் பிழைக்கிறது. அதைவிட எனக்கு உறுத்துவது நேரம்தான். பொதுத்தேர்வு முடியட்டும். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அவன் தூங்கிய பிறகு நான் விளையாடுகிறேன், அது வேறு விஷயம்.

விமர்சனத் தளமான ஐஜிஎன் பத்துக்கு ஏழு கொடுத்ததற்கு ஏன் இவ்வளவு சண்டை? உங்கள் மதிப்பெண் என்ன?
(வாசகர், மதுரை)

கேம்ஸ்பாட்டும் ஏழுதான் கொடுத்தது. முழு மதிப்பெண் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கும் பிளேஸ்டேஷன்காரர்களுக்கும் நடக்கும் பங்காளிச் சண்டையில் ஏழு என்ற எண் மாட்டிக்கொண்டது. ஒரு கோடிப் பேருக்கு மேல் விளையாடிவிட்டார்கள் என்று நிறுவனம் சொல்கிறது. மதிப்பெண் நான் போடுவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். நகரங்களுக்குள் இருக்கும்போது எழுந்திருக்க மனசே வராது. கிரகம் கிரகமாகத் தாவும் நாட்களில் பத்தரைக்கே தூங்கிவிடுகிறேன்.

மேஜைமேல் சாப்பாடு இருக்கிறது, எதிரில் நிற்கிறேன், சாப்பிட முடியவில்லை. எடுத்துப் பையில் போட்டு, பையைத் திறந்து, தேடி... இது என்ன கொடுமை?
(வாசகி, ஈரோடு)

நானும் இதையேதான் கேட்டேன். 2023 செப்டம்பர் நடுவில் நிறுவனம் வெளியிட்ட, அடுத்து வரவிருந்த திருத்தங்களின் பட்டியலில் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வசதி, என்விடியா கார்டுகளில் பட வேகத்தைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ், இவற்றோடு 'உணவைச் சாப்பிட ஒரு பட்டன்' என்றும் ஒரு வரி இருந்தது. அது வரும்வரை எடுத்துப் பையில்தான் போட வேண்டியிருந்தது. ஒருநாள் இரவு பார்த்தபோது என் பையில் பதினேழு சாண்ட்விச். மாமியார் எண்ணிப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போயிடும்டி, அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் குடுத்துட்டு வா" என்றார்.